சிங்கப்பூர்க் குளிரறைக்கு ஆவுடையார்கோவிலில் ஒரு காது

1

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் கட்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் குளிரறைகளைப் பராமரிக்கும் கம்பெனி ஒன்று. அதற்குச் சொந்தப் பட்டறை. வெள்ளை வேன்கள் இருபத்திரண்டு, ஒவ்வொன்றின் பின்கதவிலும் கம்பெனி பெயர் என் கை அகலத்துக்கு. ஒரு மகனின் பட்டப்படிப்பு. கோட்டைப்பட்டினம் போகும் சாலையில், எங்கள் ஊரில், மழைக்கு ஒழுகாத ஒரு வீடு. என் பெயரை ஆங்கிலத்தில் எழுதக் கற்றுக்கொண்டதே விமானம் ஏறுவதற்கு முந்தின வாரம்தான். இங்கே மூன்று முதலாளிகள் என்னைப் பார்த்து, உன்னால் முடியாது என்றார்கள். அந்த மூன்று பேர் குளிரறைகளையும் இன்றைக்கு என் ஆட்கள்தான் பார்க்கிறார்கள்.

கடைசியாகக் கட்டியது எங்கள் ஊர்ப் பக்கத்து ஆவுடையார்கோவிலில். உரக்கடைக்கு மேல் மாடியில் ஒன்பது பேர் கம்ப்யூட்டர் வைத்து உட்கார்ந்திருப்பதை, ஊரில் இதைப் படிக்கிறவர்கள் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். ஏதோ டியூஷன் சென்டர் என்று நினைத்திருப்பீர்கள். அது என் ஆபீஸ். சிங்கப்பூரில் ஓடும் குளிரறைகள் எந்த நேரம் என்ன சூட்டில் இருக்கின்றன, எது நோயாக இருக்கிறது, எது நாளைக்குப் படுக்கப் போகிறது என்பதெல்லாம் அந்த மாடியில் எழுதிய புரோகிராமில்தான் தெரிகிறது.

"பேசித் தொலைங்க, ஆனா எழுதாதீங்க" என்பாள் என் மனைவி வள்ளி. எழுதக் காரணம் இருக்கிறது.

இந்த வருடம் கம்பெனிக்கு முப்பது நிறைகிறது. என் மகன் அருண்தான் இப்போது தலைமை நாற்காலியில் இருக்கிறான். இனிமேல் கம்பெனி எந்தப் பக்கம் போக வேண்டும் என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆலோசகர் அம்மாவை அமர்த்தினான். அந்த அம்மா ஒரு தடிமனான அறிக்கை கொடுத்தார். அதில் ஒரு பக்கம் ஆவுடையார்கோவிலைப் பற்றி. அருண் அதை என் முன்னால் வைத்துத் தன்னுடைய தமிழில் சொன்னான்.

"இந்தியா ஆபீஸ் ஏன் வச்சிருக்கோம்னு போட்டிருக்காங்கப்பா. ரீசன் ஒண்ணுதான். செலவு கம்மி."

"அப்புறம்?"

"அவ்ளோதான். இதைவிடக் கம்மியா இன்னொரு நாட்டுல ஒரு பெரிய கம்பெனி செய்யுதாம். சோ, மார்ச்சோட ஆவுடையார்கோவிலை மூடலாம்னு சொல்றாங்க."

"நீ என்ன சொன்ன?"

"யோசிக்கிறேன்னு சொன்னேன்."

அவன் யோசிக்கிறேன் என்றால் சரி என்று அர்த்தம். சின்ன வயதில் முட்டைக்கோஸ் வேண்டுமா என்று கேட்டாலும் அப்படித்தான் சொல்வான், வேண்டாம் என்பதற்கு மட்டும்தான் உடனே வாய் திறக்கும்.

அந்த ஒன்பது பேரில் ஐந்து பேர் பெண்கள். ஆவுடையார்கோவிலுக்குப் பஸ்ஸில் போய்ச் சாயந்தரம் திரும்பலாம் என்பதால்தான் அவர்கள் வீட்டில் வேலைக்கு விட்டார்கள். அது மூடினால் அவர்களுக்கு அடுத்த ஆபீஸ் சென்னையில். அதாவது, அடுத்த ஆபீஸ் இல்லை.

எனக்குக் கோபம் மூடச் சொன்னதற்காக மட்டும் இல்லை. செலவு கம்மி என்பதற்காகவா நான் அதைத் திறந்தேன்?

2

காலையில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே உள்ள காப்பிக்கடைக்குப் போவேன். பானங்கள் அடுக்கிய கண்ணாடி ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்து மேசைதான் என் மேசை. ஒரு காப்பி குடித்து முடிப்பதற்குள் அந்த ஃப்ரிட்ஜுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். கடைக்காரச் சீனர் என்னை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார். நானும் மறுத்ததில்லை.

இந்தக் காது கோட்டைப்பட்டினத்தில் பழகியது. பதினான்கு வயதில் அங்கே ஐஸ் கம்பெனியில் சேர்ந்தேன். மெஷின் நின்றால் ஐஸ் இல்லை, ஐஸ் இல்லாவிட்டால் மீன்பிடிப் போட்டு கடலுக்குப் போகாது, போட்டு போகாவிட்டால் கரை முழுக்கச் சேர்ந்து எங்களைத் திட்டும். அதனால் மெஷின் நிற்பதற்கு முன்பே கண்டுபிடிக்கிறவனுக்குத்தான் அங்கே மரியாதை. நின்ற பிறகு கண்டுபிடிக்க யாரும் தேவையில்லை. சேர்ந்த ஆறு மாதத்தில் என்னைக் கேட்காமல் யாரும் அந்த மெஷினைத் தொட மாட்டார்கள். எண்ணெய் குறைந்தால் அது இருமும். குழாய்ச் சுருளில் பனி கட்டினால் முனகும். காற்றாடிப் பேரிங் தேய்ந்தால் பல்லைக் கடிக்கும். ஓடி நின்று ஓடி நின்று போனால் அது விக்கல். விக்கல் எடுத்தால் அதிக நேரம் இல்லை.

சிங்கப்பூரில் கம்பெனி பெரிதானபோது, எல்லாக் குளிரறையிலும் ஒரு பெட்டி வைத்து, சூட்டை அளந்து, தொலைவிலிருந்தே பார்க்கலாம் என்றான் அருண். இங்கேயே ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியிடம் வேலையைக் கொடுத்தோம். நல்ல ஆட்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெட்டிக்குள் ஒரு மைக்கும் வேண்டும், சத்தத்தையும் கேட்க வேண்டும் என்று நான் சொன்னேன். சொன்னேன் என்றால், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். முனகல் என்பதற்கு நானே முனகிக் காட்டினேன். அந்த எஞ்சினியர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

சத்தம் ஒப்பந்தத்தில் இல்லை என்றார்கள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை எஞ்சினியர் மாறினார். ஒவ்வொருவருக்கும் நான் முதலிலிருந்து முனக வேண்டியிருந்தது.

அந்தச் சமயத்தில் ஊருக்கு வந்திருந்தேன். கோட்டைப்பட்டினத்தில் பழைய ஐஸ் கம்பெனி நண்பர் வீட்டுக் கல்யாணம். பிரியாணி முடிந்து ஐஸ்கிரீம் வாங்க எல்லாரும் வரிசையில் நிற்கிறோம். ஐஸ்கிரீம் பெட்டி விக்கிக்கொண்டிருந்தது.

"இது அரை மணி தாங்காது. இப்பவே பிள்ளைகளுக்குக் குடுத்துருங்க" என்றேன்.

எனக்கு முன்னால் நின்ற பெண் திரும்பினாள். முப்பது தாண்டிய வயது, தலையில் முக்காடு, ஒரு கையில் குழந்தை.

"எப்படி மாமா சொல்றீங்க? மேல லைட்டுப் பச்சையாத்தானே எரியுது?"

"லைட்டு பொய் சொல்லும் ஆத்தா. சத்தம் சொல்லாது."

அவள் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, செல்போனை எடுத்து அந்தச் சத்தத்தைப் பதிவு செய்தாள். குழந்தையை என்னிடம் கொடுத்தது எதற்கு என்றால், பதிவு முடிகிற வரைக்கும் நான் அங்கிட்டு இங்கிட்டு நகரக் கூடாது என்பதற்காக. இதை அவளே பிறகு சொன்னாள். இருபது நிமிடத்தில் பெட்டி நின்றது. ஐஸ்கிரீம் பாயசமாகிவிட்டது. அவள் வந்து நின்று, "இன்னும் என்னென்ன சத்தம் இருக்கு?" என்று கேட்டாள்.

அவள்தான் நூர்ஜகான். விசைப்படகு டிரைவரின் மகள். சென்னையில் பத்து வருடம் பெரிய கம்பெனியில் புரோகிராம் எழுதியவள், அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் ஊரோடு வந்துவிட்டவள். அன்றைக்கு மண்டபத்து வாசலில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த அத்தனை சத்தத்தையும் தமிழில் சொன்னேன். வாழ்நாளில் முதல் தடவையாக என் தொழிலை ஒரு படித்த ஆளுக்கு முழுசாகச் சொன்னேன். அவள் ஒரு தடவைகூடத் தண்ணீர் கொண்டுவரவில்லை. நடுநடுவே, "இருங்க மாமா, இருமலுக்கும் பல்லைக் கடிக்கிறதுக்கும் நடுவுல எவ்வளவு நேரம்?" என்று குறுக்கு விசாரணை செய்தாள். யாரும் கேட்காத கேள்வி. எனக்கே அன்றைக்குத்தான் பதில் தெரிந்தது.

நிர்வாகக் குழு வேண்டாம் என்றது. ஆறு மாதத்தில் ஆவுடையார்கோவிலில் ஆபீஸைத் திறந்தேன்.

3

எல்லாம் சரியாகவே நடந்தது என்று எழுதினால் நான் பொய்யன்.

தினமும் மதியம் பன்னிரண்டு மணிக்கு, குளிரறை நலமாக இருக்கிறது என்று கடைக்காரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. அந்த வேலையை ஸ்டீபனிடம் கொடுத்தார்கள். ஆவூர்க்காரர், ஆபீஸில் எல்லாரையும்விடக் கெட்டிக்காரர். மெசேஜ் அனுப்பினால் யாரும் படிப்பதில்லை என்று யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்.

"ரெண்டு ரிங்கு விட்டுக் கட் பண்ணிருவோம்ங்க. நல்லா இருக்கேன்னு அர்த்தம். நிக்காம அடிச்சா, வந்து பாருங்கன்னு அர்த்தம்."

மிஸ்டு கால். நம் மாவட்டத்தில் இதற்கு விளக்கம் வேண்டுமா? பஸ் ஏறியாச்சு என்றால் ஒரு மிஸ்டு கால், இறங்கியாச்சு என்றால் ஒன்று. மாடியில் இருந்த ஒன்பது பேருக்கும் அது வினோதமாகத் தெரியவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் தெரியவில்லை. நன்றாகத் தலையாட்டினேன்.

சிங்கப்பூரில் எங்கள் வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் மதியம் பன்னிரண்டுக்குச் சரியாகத் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்து இரண்டு மணியடித்து நின்றது. திருப்பி அழைத்தால் யாரும் எடுக்கவில்லை. மறுநாளும் அப்படியே. இங்கே தெரியாத எண் என்றாலே மோசடிக்காரன் என்று பயம். மூன்றாம் நாள் ஒரு பேக்கரி அம்மா புகார் கொடுத்துவிட்டார். நாலாம் நாள் அரசாங்க அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது.

அருண் வெளியூரில் இருந்தான். நான்தான் போனேன். எண் சீட்டு எடுத்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த இளம் பெண் அதிகாரியிடம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"பேசுவதற்கு இல்லை என்றால் எதற்கு அழைக்கிறீர்கள்?"

"நல்லபடியாக இருக்கிறேன் என்று சொல்ல."

"ஆனால் நீங்கள் சொல்லவில்லையே. வைத்துவிட்டீர்களே."

"அதுதான் சொல்வது."

படிவத்தில் அழைப்பின் நோக்கம் என்று நான்கு கட்டம் இருந்தது. விற்பனை, சேவை, அவசரம், மற்றவை. சுகமாக இருக்கிறேன் என்பதற்குக் கட்டம் இல்லை. வந்த நாளிலிருந்து எத்தனை படிவம் நிரப்பியிருப்பேன், ஒன்றிலாவது இருந்திருக்கலாம். அந்தப் பெண் 'மற்றவை'யில் டிக் போட்டு, இனிமேல் செய்யாதீர்கள் என்று அனுப்பிவிட்டார்.

ஸ்டீபன் போனில் அழுகிற மாதிரி இருந்தார். "பெரிய தப்புப் பண்ணிட்டேங்க."

"நீங்க மட்டுமா? நானும்தான் தலையாட்டுனேன். விடுங்க."

ஆனால் விட்டுவிடவில்லை. அன்றையிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. எதைச் செய்வதானாலும், "இது அங்க எப்படிங்க?" என்று மாடியில் இருப்பவர்கள் சிங்கப்பூர் ஆட்களைக் கேட்பார்கள், இவர்கள் அவர்களைக் கேட்பார்கள். ஒரே ஊரில் உட்கார்ந்து வேலை செய்தால் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். எல்லாருக்கும் எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு போவார்கள். கேட்கத் தொடங்கிய பிறகுதான், சிங்கப்பூரில் எங்கள் மெக்கானிக்குகள் வருடக் கணக்காக அர்த்தமில்லாமல் செய்த ஐந்தாறு வேலைகள் வெளியே வந்தன. ஏன் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியவில்லை.

4

எங்கள் கடற்கரையில் ஒரு வழக்கம் உண்டு. கடலிலிருந்து வரும் போட்டு தன் கதையை மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. கயிறு கட்டுவதற்கு முன்பே கரையில் நிற்கிறவர்கள் கேட்பார்கள். எங்க போட்டப் பாத்தீங்களா? எந்தப் பக்கம்? எப்பப் பாத்தீங்க? வழியில் எந்தெந்தப் போட்டைப் பார்த்தோம், கடைசியாக எங்கே, எப்படி இருந்தது என்று சொன்ன பிறகுதான் மீனை இறக்கலாம். பகையாளி போட்டாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். நூர்ஜகான் சின்னப் பிள்ளையில் அப்பா போட்டைத் தேடி அப்படிக் கேட்டு நின்றவள்.

ஒரு நாள் போன் செய்தாள்.

"மாமா, ஒவ்வொரு பொட்டியும் அதது கதைய மட்டும் சொல்லிக்கிட்டு இருக்கு. எனக்குப் பிடிக்கல."

"வேற யாரு கதையச் சொல்லணும்? அது பொட்டியா, ஒங்க தெருக் குழாயடியா?"

"கரைக்கு வர்ற போட்டு மத்த போட்டச் சொல்லாம எறங்க முடியுமா? பக்கத்துப் பொட்டி எப்படி இருந்துச்சுன்னு இந்தப் பொட்டிக்குத் தெரியணும். ஒண்ணுக்குப் பேச முடியலைன்னா இன்னொண்ணு சொல்லணும்."

"சிங்கப்பூர்ல லைன் போகாது ஆத்தா. இது ஒங்க ஊரு இல்ல."

"எல்லா ஊரும் எங்க ஊருதான் மாமா, ஒரு நாளைக்கு."

எனக்குப் பிடிக்கவில்லை. மூன்று வாரம் சண்டை. கடைசியில், "செஞ்சு தொலை. தப்பாப் போனா ஒன் தலைதான்" என்றேன். "என் தலை முக்காட்டுக்குள்ள பத்திரமா இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அடுத்த வருடம் ஒரு மத்தியானம், மீன் மொத்த வியாபாரிகள் இருக்கும் கட்டடத்துக்கு வெளியே யாரோ சாலையைத் தோண்டும்போது கேபிளை அறுத்துவிட்டார்கள். அந்தக் கட்டடத்தில் எங்கள் குளிரறைகள் நாற்பது. பழைய முறையாக இருந்தால் நாற்பதும் ஊமை. எது நல்லது எது கெட்டது என்று தெரியாமல் எல்லா வேனையும் அனுப்பி, ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்க்க வேண்டும். அன்றைக்கு ஒரு பெட்டி பக்கத்துப் பெட்டியிடம் சொல்லி, அது அடுத்ததிடம் சொல்லி, கடைசியில் எதிர்க்கட்டட ரொட்டிக்கடைப் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்கு வேறு லைன். அது ஆவுடையார்கோவிலுக்குச் சொன்னது: நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேர் சுகம், மூலையில் இருக்கிறவருக்கு மட்டும் விக்கல்.

ஒரே ஒரு வேன் போனது. மூலைக் கடை முதியவரின் இறாலும் வவ்வால் மீனும் பிழைத்தன. புகார் கொடுத்த பேக்கரி அம்மாவின் பெட்டிதான் சேதி சொன்னது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

அன்றைக்கு நான் நூர்ஜகானைக் கூப்பிட்டு, நீ சொன்னதே சரி என்று சொன்னேன். என் வாயிலிருந்து அது வருவது லேசான காரியமில்லை. வள்ளியைக் கேட்டால் தெரியும்.

5

இதையெல்லாம் செலவு கம்மி என்று இரண்டு வார்த்தையில் எழுதி வைத்திருந்தால் கோபம் வராதா? கூட்டம் போடு, நான் பேச வேண்டும் என்று அருணிடம் சொன்னேன். யோசிக்கிறேன் என்றான். யோசிக்காதே, போடு என்றேன்.

கூட்டத்தில் நான், அருண், ஆலோசகர் அம்மா. சுவரில் பெரிய திரை. திரையில் ஆவுடையார்கோவில் மாடி, ஒன்பது பேரும். இங்கே காலை பதினொரு மணி, அங்கே எட்டரை. பள்ளிக்கூடப் பரீட்சைக்கு வந்தவர்கள் மாதிரி எல்லாரும் தலை சீவி உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டீபன் சட்டைப் பித்தானைக் கழுத்துவரைக்கும் போட்டிருந்தார்.

ஆரம்பித்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அங்கே கரண்ட் போய்விட்டது. ஜன்னல் சாத்தியிருந்த மாடி இருட்டாகி, முகங்கள் மட்டும் பேட்டரியில் ஓடிய கம்ப்யூட்டர் வெளிச்சத்தில் தெரிந்தன. ஆலோசகர் அம்மா அருணைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"இப்படி ஓர் ஆபத்தும் இருக்கிறது" என்றார்.

நூர்ஜகான் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். நிதானமான ஆங்கிலம், எனக்கே புரிந்தது. "நாங்கள் இன்னும் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம், மேடம். கரண்ட் போகும் என்று எங்களுக்குத் தெரியும். லைன் அறுந்துபோகும் என்றும் தெரியும். அதை நினைத்துத்தான் ஒவ்வொரு வரியும் எழுதுகிறோம். போகவே போகாது என்று நம்புகிற ஊரில் இருந்து எழுதியிருந்தால், கேபிள் அறுந்த அன்றைக்கு உங்கள் நாற்பது குளிரறைக்கும் என்ன ஆகியிருக்கும்?"

ஆலோசகர் அம்மா குறிப்பேட்டைத் திறந்தார். நல்ல மனுஷி. அதுவரை யாரும் அவரிடம் இதையெல்லாம் சொல்லவில்லை, அதுதான் விஷயம்.

அடுத்து நான். தமிழில் பேசுவேன், அருண் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. நான் இரண்டு மூன்று நிமிடம் பேசினேன். அவன் ஒரே வரியில் முடித்தான்.

"டேய், அவ்வளவு நேரம் நான் என்ன கொட்டாவியா விட்டேன்? சொன்னதச் சொல்லு."

திரையில் ஒன்பது பேரும் சிரித்துவிட்டார்கள். அருணுக்குக் காது சிவந்தது. அப்புறம் ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னான்.

நான் சொன்னது இது. நாம் கடையைக் கட்டும்போது அங்கே இன்னும் பாதிச் சாயந்தரம் பாக்கி. நாம் விட்ட இடத்திலிருந்து அவர்கள் இழுத்துப் போகிறார்கள். சீனப் புத்தாண்டுக்கு இங்கே ஊரே தூங்கும்போது அவர்கள் விழித்திருக்கிறார்கள், பொங்கலுக்கு அவர்கள் வீட்டில் இருக்கும்போது நாம் விழித்திருக்கிறோம். ஒரு பக்கம் வெள்ளம் வந்தாலும் மறுபக்கம் தொழில் நிற்காது. இங்கே எஞ்சினியர் வருடத்துக்கு மூன்று பேர் மாறினார்கள், அங்கே முதல் நாள் வந்தவர்கள்தான் இன்றைக்கும் உட்கார்ந்திருக்கிறார்கள். போன வருடம் என்ன தப்புச் செய்தோம் என்பது அவர்கள் தலையில் இருக்கிறது. நமக்குத் தோன்றாத கேள்வி அவர்களுக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் அவர்கள் நம் ஊர்க்காரர்கள் இல்லை. இதையெல்லாம் இன்னொரு நாட்டுப் பெரிய கம்பெனி கம்மி விலைக்கு விற்கிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று சொன்னேன். "எனக்கு இங்கிலீஷ் வராது. அதனால என் தொழில் பூராவும் இத்தனை வருஷம் என் வாய்க்குள்ளயே கெடந்துச்சு. சொல்ல ஆள் இல்ல. நான் போனா அதுவும் என்கூடப் போயிருக்கும். அத வெளிய எடுத்தது அந்த மாடில இருக்கவங்க."

அருண் இதை மொழிபெயர்க்கவில்லை. ஆலோசகர் அம்மா, "என்ன சொன்னார்?" என்று கேட்டார். பிறகு அவன் மெதுவாகச் சொன்னான், ஒரு சொல்லையும் விடாமல்.

நூர்ஜகான் திரையில் புரோகிராமின் எச்சரிக்கைப் பட்டியலைக் காட்டினாள். ஆங்கில எழுத்தில் விக்கல், இருமல், முனகல் என்று வரிசையாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை நிமிடத்தில் என்ன நடக்கும் என்று நான் சொன்ன கணக்கு. ஆலோசகர் அம்மா அதை உரக்கப் படிக்க முயன்றார். அருண் அதிசயமாக என்னைப் பார்த்தான்.

"விக்கல் தமிழாப்பா? மெக்கானிக்குங்க எல்லாரும் சொல்றாங்க. நான் மெஷின் கம்பெனி வச்ச கோட்னு நெனச்சேன்."

அவனுக்கு விக்கல் எடுத்த காலத்தில் முதுகில் தட்டித் தண்ணீர் கொடுத்தவன் நான். அந்த வார்த்தையை அவன் என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளவில்லை, சீன மெக்கானிக்கிடமிருந்து வாங்கியிருக்கிறான். வருத்தப்படுவதா, சிரிப்பதா? சுற்றி வந்தாலும் வந்து சேர்ந்ததே என்று இருந்தது.

"கோடுதான்டா. நான் வச்ச கோடு" என்றேன்.

ஆவுடையார்கோவில் மூடவில்லை. இன்னும் மூன்று பேரை எடுக்கிறார்கள். அருண் அதை அந்தக் கூட்டத்திலேயே சொன்னான், யோசிக்கிறேன் என்று சொல்லாமல். அதே நேரம் பார்த்து அங்கே கரண்ட் வந்து, மின்விசிறிக் காற்றில் காகிதமெல்லாம் பறக்க, ஸ்டீபன் எழுந்து பிடிக்க ஓடினார்.

6

நான் இத்தோடு முடித்திருப்பேன். ஆனால் போன வாரம் அருண் முப்பதாம் ஆண்டு மலரின் அச்சுப்படியை அனுப்பினான். ஆங்கிலமும் தமிழும் தெரிந்த ஒருவரை வைத்து முழுக்கத் தமிழில் படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

முதல் பக்கத்தில் என் படம். பெரிய படம்தான். கீழே 'நிறுவனர்' என்று மட்டும். நல்ல வேளை, மாலை போடவில்லை. பதினாறாம் பக்கத்தில் ஆவுடையார்கோவில். நான் கூட்டத்தில் பேசியது அத்தனையும் அங்கே இருக்கிறது, அழகான ஆங்கிலத்தில். இரண்டு ஊருக்கும் நேரம் முன்பின் இருப்பதன் லாபம், ஒரு பக்கம் நின்றாலும் மறுபக்கம் ஓடுவது, வேறு ஊர்க்காரர் பார்வை, ஆட்கள் நிலைத்திருப்பது, தொழில் அறிவு கைமாறுவது. செலவு என்ற சொல்லே இல்லை. எனக்குச் சந்தோஷம். ஆனால் இவை எல்லாம் யாருடைய யோசனை என்று போட்டிருக்கிறார்கள் தெரியுமா? 'நிர்வாகக் குழுவின் தொலைநோக்கு.' ஆலோசகர் அம்மா பெயருக்கு ஒரு நன்றி. நூர்ஜகான் பெயர் எங்கேயும் இல்லை, 'இந்தியக் குழு' என்று இருக்கிறது. சத்தம் கேட்டுச் சொன்னவன் பெயர் அறவே இல்லை.

அருணிடம் போனில் கேட்டேன். "முதல் பக்கத்துலதான் நீங்க இருக்கீங்களேப்பா" என்றான். அன்பாகத்தான் சொன்னான். அவன் என் மேல் வைத்த அன்புக்கு நான் குறை சொல்ல மாட்டேன், போட்டோவுக்கு நல்ல ஃபிரேம்கூடப் போட்டிருக்கிறான்.

ஆனால் அருண், நீ இதைத் தமிழில் படிக்க மாட்டாய் என்பதால் உன் அம்மாவைப் படித்துக் காட்டச் சொல்கிறேன். ஊரில் இதைப் படிக்கிறவர்களும் சாட்சியாக இருக்கட்டும். முதல் பக்கத்தில் இருப்பவன் கடை திறந்தவன். பதினாறாம் பக்கத்தில் இருக்க வேண்டியவன் வேறு வேலை செய்தவன். நிர்வாகக் குழு வேண்டாம் என்றபோது ஆவுடையார்கோவிலில் மாடி பிடித்தவன் அவன். அந்தப் பட்டியலை வரிக்கு வரி வாயால் சொன்னவன் அவன். படமாகப் போட்டு மேலே தூக்கி மாட்டிவிட்டு, செய்த வேலையைக் குழுவுக்கு எழுதி வைக்காதே.

மலர் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறதாம். அதற்குள் பதினாறாம் பக்கத்தில் இரண்டு பெயர் ஏற வேண்டும். கோட்டைப்பட்டினம் நூர்ஜகான், புரோகிராம் எழுதியவர். சி. காளிமுத்து, ஐந்தாம் வகுப்பு, அதில் என்ன எழுத வேண்டும் என்று சொன்னவர். அவள் பெயரை முதலில் போட்டாலும் எனக்குச் சம்மதம். ஐந்தாம் வகுப்பை மட்டும் எடுத்துவிடாதே.